எட்டாத காது

வள்ளியின் வலது கை தலைக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது. அது இடது காதைத் தொட்டுவிட்டால் என் வேலை போச்சு.

எழுபத்தெட்டாம் வருஷம் ஒன்றாம் வகுப்பில் சேர இவ்வளவுதான் பரீட்சை. காது எட்டினால் ஐந்து வயசு ஆகிவிட்டது, எட்டாவிட்டால் ஆகவில்லை. பெரிய சார் ஆதிராஜ் வேறெதுவும் கேட்க மாட்டார்.

வள்ளிக்கு நூறு வரைக்கும் எண்ணத் தெரியும். மணிகளை நிறம் பார்த்துப் பிரிப்பாள். முக்கோணக் கட்டையைச் சரியான ஓட்டையில் போடுவாள். அதெல்லாம் யாருக்கு வேண்டும்? பெரிய சாருக்கு அறிவெல்லாம் காதில்தான் இருக்கிறது.

என் பால்வாடியில் இருபது பிள்ளைகள். ஒன்று குறைந்தாலும் இழுத்து மூடிவிடுவோம் என்று ஆபீசில் எழுதியே கொடுத்துவிட்டார்கள். இந்த ஆனியில் புதிதாக யாரும் சேரவில்லை.

சும்மா சொல்லக் கூடாது. மூக்கொழுகிக்கொண்டு வந்ததுகளை நிறம், வடிவம், எண்ணிக்கை என்று தேற்றி வைத்திருக்கிறேன். மத்தியானம் கோதுமை உப்புமா ஆனதும் எல்லோரையும் படுக்க வைத்துவிட்டு நானும் கொஞ்சம் கண்ணயர்வேன். மனுஷிதானே.

அடிமுடி தேடிப் போன பிரம்மாவுக்கும் பெருமாளுக்குமே எட்டாத ஊர் இது. ஒரு சின்னப் பெண்ணுக்குக் காது எட்டாவிட்டால் என்ன குடிமுழுகிப் போகும் என்று அண்ணாமலையாரைக் கேட்டேன். வெட்கமில்லாமல்தான் கேட்டேன்.

விரல்கள் உச்சந்தலையைத் தாண்டி வந்தன. காதுக்கு இரண்டு விரற்கடை இருக்கும்போது நின்றுவிட்டன.

அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் சார். வள்ளியின் அம்மா ரேணுகாம்பாளுக்கு முகம் தொங்கிப்போயிற்று. நான் அவளுக்காக உச்சுக்கொட்டினேன். உள்ளே நூற்றியெட்டுத் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் ரேணுகாம்பாள் தேரடித் தெருவில் விடுவிடுவென்று முன்னால் நடந்தாள். வள்ளி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்ச தூரம் போனதும் அம்மா திரும்பிப் பார்க்கிறாளா என்று ஒரு தரம் கவனித்தாள். பிறகு வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய், இடது காதைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். கழுத்தைக்கூடச் சாய்க்கவில்லை.

என் வேலைக்காக ஒரு பிஞ்சு இப்படிச் செய்திருக்கிறதே என்று கண்ணே கலங்கிவிட்டது. குனிந்து, ஏன்டி கண்ணு என்று கேட்டேன்.

"நான் போய்ட்டா புள்ளைங்களுக்கு யாரு சொல்லிக் குடுப்பாங்க? நீங்கதான் சாப்ட்டதும் தூங்கிடுவீங்களே டீச்சர்."