வாசலில் வைத்த படம்

மண்டப வாசலில் வைத்திருந்த படத்தில் விஜயரத்தினத்துக்குத் தலை நிறைய முடி இருந்தது.

உயிரோடு இருந்தபோது கடைசி இருபது வருடமாக அவருக்கு அது கிடையாது.

நீலக் கோட்டும் சிவப்பு டையும்கூட அவருடையவை அல்ல. பாரிசில் ஒருவர் கணினியில் மாட்டிவிட்டவை. அந்த மனிதரின் கைவண்ணத்தில், செத்துப்போகிற நம்மவர்கள் எல்லோரும் வங்கி மனேச்சர்கள் ஆகிவிடுகிறார்கள்.

மகள் சுபானிதான் அப்படிக் கேட்டிருந்தாள். அவளிடம் இருந்த படங்களில் எல்லாம் அப்பா தொப்பியோடு இருந்தார். வியர்வை உப்புப் படிந்த பேஸ்போல் தொப்பி.

"தொப்பியைக் கழட்டினா உள்ளுக்கு என்ன போடுறது, அக்கா?" என்று பாரிஸ்காரர் கேட்டார்.

முடி போடச் சொன்னாள்.

ஜேர்மனிக்கு வந்த புதிதில் அப்பாவுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. நகரத்தைவிட்டு வெளியே போகவும் அனுமதி இல்லை. அகதி விடுதிக்குப் பின்னால் ஒரு பேஸ்போல் மைதானம் இருந்தது. வேலியைப் பிடித்துக்கொண்டு ஆட்டம் பார்ப்பதற்கு மட்டும் யாரும் விண்ணப்பம் நிரப்பச் சொல்லவில்லை. பார்த்தார். பார்த்துப் பார்த்துப் பைத்தியமானார்.

வேலை கிடைத்து, வீடு மாறி, பென்சனும் வந்த பிறகும் ஹம்பேர்க்கின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ரயில் பிடித்து, ஞாயிறு தவறாமல் அதே மைதானத்துக்குப் போனார். ஆட்டத்துக்கு முன் சுண்ணாம்புக் கோடு போடுவதும், முடிந்ததும் மண்ணை வாரிச் சமப்படுத்துவதும் அவர்தான். யாரும் கேட்டுச் செய்ததல்ல, ஆசைக்குச் செய்தது.

ஒவ்வொரு ஞாயிறும் மகளையும் கூப்பிடுவார். அவளுக்கு ஒவ்வொரு ஞாயிறும் ஏதாவது ஒரு வேலை இருக்கும்.

வெள்ளை படிந்த சப்பாத்தோடு அவர் திரும்பி வருவதை யாராவது கண்டுவிடுவார்களோ என்று அவளுக்குக் கூச்சம். இந்த வயதில் ஜேர்மன்காரனின் மைதானத்தைக் கூட்டுகிறார் என்று கதை வந்துவிடும். சொந்தக்காரர் கேட்டால், அப்பா கோயில் நிர்வாகத்துக்குப் போயிருக்கிறார் என்பாள். லண்டன் மாமி அதைப் போகிற இடமெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தார்.

அந்த மாமி இப்போது பக்கத்தில் நின்று, அண்ணை எவ்வளவு வடிவாக இருக்கிறார் என்று படத்தைப் பார்த்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஐந்து ஜேர்மன் கிழவர்கள் வந்தார்கள். கறுப்புக் கோட்டு, கழற்றிக் கையில் பிடித்த தொப்பி.

படத்தின் முன் நின்றார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் உயரமானவர், என்றோ உடைந்து கோணலாகப் பொருந்திய மூக்குக்காரர், அவளிடம் வந்து தணிந்த குரலில் விஜியைத் தேடி வந்ததாகச் சொன்னார். இது விஜி இல்லையே என்றார்.

அவர்தான் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பெட்டி உள்ளே பத்தடி தூரத்தில், அழுகிற பெண்கள் சூழ இருந்தது.

"உவை ஆர் பிள்ளை?" என்றார் மாமி, கிழவர்களைக் காட்டி.

சுபானியின் வாய் தானாகத் திறந்தது. பக்கத்து மண்டபமாக இருக்கும் என்று கிழவரிடம் நல்ல ஜேர்மனில் சொன்னாள். இடம் மாறி வந்துவிட்டார்கள் என்று மாமியிடம் நல்ல தமிழில் சொன்னாள். இரண்டிலும் ஒரு தடுமாற்றம்கூட இல்லை.

அதை உணர்ந்தபோதுதான் முகம் சுட்டது. இருந்த மனிதரை இத்தனை வருடம் ஒளித்து வைத்தாள். இப்போது செத்தவரையும் இல்லை என்று சொல்லிவிட்டாள். அங்கே நிற்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது. இன்னும் நேரம் இருக்கிறது, சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

நால்வர் தலையாட்டிவிட்டு வெளியே நடந்தார்கள். மூக்குக்காரர் மட்டும் நின்றார்.

அவர் படத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய நெற்றியையும் கண்ணையும் கொஞ்சம் முன்தள்ளிய மேலுதட்டையும் பார்த்தார். அப்பாவிடமிருந்து வந்த அவற்றை யாரும் கணினியில் மாற்றியிருக்கவில்லை.

பிறகு அவள் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து, மாமிக்குக் கேட்காதபடி குனிந்தார்.

"ஆழ்ந்த அனுதாபங்கள், ராசாத்தி."

அனுதாபத்தை ஜேர்மனில் சொன்னார். அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் தமிழில், சரியாக நீட்டிச் சொன்னார். அதுதான் அவளுடைய பெயர் என்று நினைத்திருந்தார்.

அவளுக்கு வேறு பெயர் இருப்பதாக அப்பா அங்கே சொன்னதே இல்லைப் போலிருக்கிறது.