இடப்பக்கம் திரும்பாத பொம்மை

பழைய கடிகார விசையில் ஓடும் தகரப் பொம்மை இடப்பக்கம் மட்டும் திரும்ப மறுத்தது.

மலாயாவின் கலும்பாங் ரப்பர் தோட்டப் பள்ளியில் அதை வைத்துத்தான் முரியல் டீச்சர் பிள்ளைகளுக்குக் கட்டளை அமைக்கக் கற்றுக்கொடுத்தார். பொம்மைக்குள் சுழலும் உருளையில் அடிக்கும் ஒவ்வோர் ஆணியும் ஒரு கட்டளை.

“பொம்மைக்குப் பாடமா, டீச்சர்? மொதல்ல புருஷன வெளிய கொண்டாங்க லா!” என்று சிரித்தார் தோட்டத்துக் கணக்கரான கிராணி சில்வெஸ்டர். காட்டுக் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொடுத்ததாகப் பொய் சொல்லி, டீச்சரின் கணவரைப் போலீசில் பிடித்துக் கொடுத்தவரே இவர்தான்.

“நாளைக்கு ஒங்க ஆபீசுக்கு வர்ற போலீஸ் இன்ஸ்பெக்டருக்கு ஓட்டிக் காட்டுறேன், கிராணி ஐயா.”

மறுநாள் பொம்மை நேராக ஓடி, சட்டென இடப்பக்கம் திரும்பி, கிராணியின் மேசையோரத் திரைக்குள் புகுந்தது. அதை எடுக்கத் திரையை விலக்கிய இன்ஸ்பெக்டர், கிராணி பதுக்கிய ரேஷன் அரிசி மூட்டைகளைப் பார்த்தார்.

“எப்படித் திரும்புச்சு?” என்றார் கிராணி.

“எடப்பக்கம் திருப்புற மூணாவது ஆணிய நீளமா அடிச்சேன், ஐயா.”