குப்பை வராத வீடு

ஓடைப்பட்டிக்குப் புதிதாக வந்திருந்த தூய்மைப் பணி மேற்பார்வையாளர் ஹேமாவதி, குப்பையில்லா வீட்டுக்கான பரிசுப் பையோடு முருகம்மாள் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அக்கா, ஒங்க வீட்டுல இருந்து குப்பையே வாரதில்லன்னு வண்டிக்காரக சொல்றாக. காய்கறித் தோலையெல்லாம் உரமாக்குறீகளா?"

"இல்லத்தா."

"மாட்டுக்குப் போடுறீகளா?"

"மாடு ஏது?"

"அப்ப பால் பாக்கெட்டு, பிளாஸ்டிக் கவரு?"

"எதுவும் வாங்குறதில்ல."

ஹேமாவதிக்கு உற்சாகம் தாங்கவில்லை. செல்போனை எடுத்து வீடியோ பிடிக்கத் தொடங்கினாள்.

"எப்பிடிக்கா முடியுது? மத்தவுகளும் பார்த்துக் கத்துக்கிடட்டும், சொல்லுங்க."

முருகம்மாள் செல்போனையே பார்த்தாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை.

"எங்க வீட்டுக்காரரு லோயர் கேம்ப் ரோட்டுல லாரி மோதி செத்துப்போனாக. அதுலருந்து நான் அடுப்பே பத்தவைக்கல. பசிச்சா டீக்கடையில ஒரு பன்னு வாங்கித் திங்கிறேன்."

ஹேமாவதி செல்போனை இறக்கினாள். பிடித்த வீடியோவை அழித்தாள். தெருமுனைக் காய்கறிக் கடைக்குப் போய்த் திரும்பி வந்தாள்.

"கத்தரிக்கா வாங்கியாந்தேன்க்கா. அருவாமண எங்கன இருக்கு?"

முருகம்மாள் கதவை அகலத் திறந்தாள். பிறகு சமையலறைப் பக்கம் கையைக் காட்டினாள்.