ஷாஃப்டுக்குப் போட்ட பட்டை

"டர்பைன் ஷாஃப்ட் சுத்திச் சுத்திக் களைச்சுப்போச்சு சார். என் கணக்குப்படி இந்நேரம் விரிசல் விட்டிருக்கும். ஒரு நாள் நிறுத்துங்க, பாத்துடலாம்."

"கணக்கு பேசிக்கினு நிக்காத சுஜாதா, நிறுத்த முடியாது" என்றார் மின் நிலைய மேலாளர் உலகநாதன். "உடைஞ்சா பறந்து செங்கல்பட்டுல போய் விழுமா?"

"பக்கத்துல நிக்கறவன் மேல விழும்."

"போய் வேலையப் பாரு."

இன்ஜினியர் சுஜாதா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஆயுத பூஜைக்கு அதே டர்பைனை நிறுத்தினார் உலகநாதன். ஷாஃப்டைத் துடைக்கும் வேலையையும் பூஜைத் தட்டையும் அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். அவர் தட்டிலிருந்து எடுத்து, அவள் காட்டிய இடத்தில் பயபக்தியோடு ஷாஃப்டுக்குப் பட்டை போட்டார். சற்று நேரத்தில் வெள்ளைக்கு நடுவே மயிரிழையாய்ச் சிவப்பு ஊறியது.

"யாரும்மா அதுக்குள்ள குங்குமம் வச்சது?"

"குங்குமம் இல்ல சார். துடைக்கும்போது நான் தடவின சாயம், விரிசலுக்குள்ள மட்டும் தங்கிடுச்சு. நீங்க பூசினதும் திருநீறு இல்ல, அந்தச் சாயத்தை வெளிய இழுக்கற பவுடர்."

உலகநாதன் ஷாஃப்டை விட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"பூஜை முடிஞ்சுது, ஓட்டச் சொல்லுங்க. இன்னிக்குப் பக்கத்துல நீங்க நில்லுங்க."