உருளைக்கிழங்கு போட்ட கடல்

பழைய கடல்மீன் தொட்டியை விற்றவர், கல்லுக்குள் ஒரு நண்டு இருப்பதாகச் சொல்லித்தான் கொடுத்தார். வீட்டுக்கு வந்தபின் அது தலைகாட்டவே இல்லை. தண்ணீர் வற்றும்போதெல்லாம் ஜெயசீலன் நல்ல தண்ணீர் விடாமல் உப்புநீரையே ஊற்றிவந்தான். இன்று உப்புமானியின் முள் கடைசிக் கோட்டில் போய் நின்றது.

“போச்சு. நண்டு கருவாடா ஆகியிருக்கும்.”

அவன் மனைவி அமலி அடுப்படியிலிருந்து வந்து, தோல் சீவிய பாதி உருளைக்கிழங்கைத் தொட்டிக்குள் போட்டாள்.

“அடியே, இது என்ன குழம்பா?”

“உப்பு கூடினா வேற என்னத்தப் போடுவாங்க?”

கிழங்கு அடியில் போய் உட்கார்ந்தது. கல்லுக்குள்ளிருந்து இரண்டு கொடுக்குகள் நீண்டு, அதைக் கட்டிப்பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டன.

ஜெயசீலன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தான்.

“இன்னொரு பாதி இருக்குல்ல? அதையும் போடு.”

அமலி தொட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

“வேணாம். இப்ப சரியா இருக்கு.”