டீச்சரின் மொழிபெயர்ப்பு

"ஒரு வார்த்தை விடாம சொல்லணும் டீச்சரம்மா. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது" என்றார் பாஸ்டர்.

"கட்சிப் பேச்சு வந்தா?"

"வரும். அதுக்குத்தானே வெளிநாட்டிலிருந்து அந்தப் பிரசங்கியாரை வரவழைச்சிருக்கு! நீங்க வாயை மட்டும் கொண்டு வாங்க. மூளையை வீட்ல வச்சிட்டு வாங்க."

டீச்சருக்குச் சுருக்கென்றது. ஆனால் என்ன செய்ய? சபை நடத்தும் பள்ளிக்கூடத்தில்தான் அவருக்கு வேலை. பாஸ்டர்தான் அங்கே தாளாளர். முறைத்துக்கொண்டால் பிழைப்பில் மண் விழுந்துவிடும்.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. "இந்தக் கட்சிக்குத்தான் ஓட்டு, இது தேவசித்தம்" என்று பாஸ்டர் போன மாதம் பிரசங்கத்தில் சொன்னாலும் சொன்னார், சபை இரண்டாகப் பிளந்துவிட்டது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாடியவர்கள் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். டீச்சரின் சொந்த அக்காவே 'எதிர்க்கட்சிக்காரி' என்று பேர் வாங்கி, சபைப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள்.

வேலை போனாலும் போகட்டும், என் வாய் வழியா அந்தப் பேச்சு வராது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் டீச்சர் மேடை ஏறினார்.

பிரசங்கியார் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்ல, டீச்சர் நம் பாஷையில் அதைச் சொல்ல வேண்டும். அவர் கையை ஆட்டினால் இவரும் ஆட்ட வேண்டும்.

பின்னால் சோபாவில் பாஸ்டர். பக்கத்தில் வேட்பாளர். ஊரெல்லாம் 'லாரிக்காரர்' என்று கூப்பிடும் ஆள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர் என்று பேச்சு. ஓட்டு வேணும்னதும் பைபிளும் கையுமா வந்து உட்கார்ந்தாச்சு பார் என்று டீச்சருக்கு ஒரே எரிச்சல்.

கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. திடீரென்று பிரசங்கியார் குரலை உயர்த்தினார். "இந்தச் சகோதரரின் கட்சிதான் கர்த்தருடைய கட்சி. மற்றவர்கள் எல்லாம் பிசாசின் கூட்டம்!"

டீச்சர் மைக்கை இறுக்கிப் பிடித்தார். "கர்த்தருக்குக் கட்சி கிடையாது. பக்கத்து வீட்டுக்காரனைப் பிசாசுன்னு சொல்லாதீங்க!"

"ஆமென்!" என்று கூட்டமே அதிர்ந்தது.

பிரசங்கியாருக்கு உற்சாகம் தாங்கவில்லை. முஷ்டியை மடக்கிக் காற்றில் குத்தினார். டீச்சரும் குத்தினார்.

ஆங்கிலம் தெரிந்த பாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து தடுத்தால் வெளிநாட்டு விருந்தாளிக்கு விஷயம் தெரிந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவைத்தார்.

"இந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் கையைத் தூக்குங்கள்!" என்றார் பிரசங்கியார்.

"கட்சிச் சண்டையில சொந்தக்காரங்களோட பேச்சை நிறுத்தினவங்க யாரு? இன்னைக்கே போய்ப் பேசிடுறேன்னு சொல்றவங்க கையைத் தூக்குங்க!" என்றார் டீச்சர்.

முதலில் ஒன்றிரண்டு கைகள் தயங்கித் தயங்கி எழுந்தன. அப்புறம் மளமளவென்று கூட்டம் முழுக்கக் கைகள். லாரிக்காரரும் தூக்கினார்.

'போட்டோவுக்குத்தான்' என்று நினைத்துக்கொண்டார் டீச்சர்.

"அல்லேலூயா!" என்று பிரசங்கியார் துள்ளிக் குதித்தார்.

பிரசங்கம் முடிந்து டீச்சர் மேடைக்குப் பின்னால் வந்ததுமே பாஸ்டர் பிடித்துக்கொண்டார். "நாளையிலிருந்து பள்ளிக்கூடத்துப் பக்கம் தலை காட்டாதீங்க!"

"சரிங்க பாஸ்டர். ஆனா திரும்ப மேடை ஏத்தினாலும் நான் இதையேதான் சொல்லுவேன்."

"கொழுப்பைப் பாரு! லாரிக்காரருக்கு இங்கிலீஷ் தெரியாததால தப்பிச்சோம். தெரிஞ்சிருந்தா என் கதி என்ன?"

"தெரியுமே" என்றது ஒரு குரல்.

லாரிக்காரர் நின்றிருந்தார். "பாதி ஆயுசைக் கப்பல்ல கழிச்சவன் நான். அவர் சொன்னதும் புரிஞ்சுது, டீச்சரம்மா சொன்னதும் புரிஞ்சுது."

பாஸ்டர் சட்டென்று இரண்டடி பின்வாங்கினார். டீச்சர் மட்டும் அசையவில்லை.

"நான் மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேங்க" என்றார்.

"யார் கேட்கச் சொன்னா? பாஸ்டர், இவங்க வேலையில கை வைக்காதீங்க." சட்டையில் குத்தியிருந்த கட்சி பேட்ஜைக் கழற்றி பாஸ்டரின் கையில் கொடுத்தார் லாரிக்காரர். "இதைப் பத்திரமா வச்சிருங்க. காலைல வாங்கிக்கிறேன்."

"ஐயா, எங்கே கிளம்பிட்டீங்க? இன்னும் கூட்டம் முடியலையே!"

"எதிர்க்கட்சிக்கு வீடு வீடா ஓட்டுக் கேட்டுக்கிட்டு அலையுறானே, அவன் என் கூடப் பிறந்த தம்பி. கையைத் தூக்கிட்டேன் பாஸ்டர், போய்ப் பேசிட்டு வரேன்."