கெண்டைக் கனவு விற்பனைக்கு

மோசடி செய்வதற்குத் தோதான இடமாக, அலுவலகத்துக்கு எதிரே இருந்த நூடுல்ஸ் கடையைத்தான் தாசோம் தேர்ந்தெடுத்தாள். ஏமாறப்போகிறவள் பக்கத்து மேஜை ஹியேரான். கல்யாணமாகி வருஷக்கணக்காகக் குழந்தை இல்லாத அப்பாவி.

தாசோமுக்கும் வேறு வழியில்லை. காலையில்தான் அவளுடைய சித்தி போனில் அலறியிருந்தாள்.

"ஏண்டி, தங்க நிறத்துல ஒரு கெண்டை மீனு துள்ளி வந்து உன் பாவாடையில விழுந்துச்சுடி! கர்ப்பக் கனவேதான். யாருடி அவன்?"

அவன் தேஹோ. ஆனால் அவன் செய்ததெல்லாம், ஹான் ஆற்றங்கரைக் குளிரில் அவளைக் கட்டிப்பிடித்தது மட்டும்தான். "ஆளுக்கு ரெண்டு கோட்டு போட்டிருந்தோம். நாலு கோட்டைத் துளைச்சுக்கிட்டு வர அது என்ன தோட்டாவா?" என்று விழுந்து விழுந்து சிரித்தான். மருந்துக்கடைக்காரியும் அப்படியெல்லாம் ஆகவே ஆகாது என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறை. மூளைக்குப் புரிந்தது, வயிற்றுக்குப் புரியவில்லை. மாதவிலக்கு வேறு தள்ளிப்போயிருந்தது. போதாக்குறைக்கு, சித்தி கண்ட கர்ப்பக் கனவு எதுவும் இதுவரை பொய்த்ததில்லை.

ஒருத்தி உண்டானால் அவளுக்கோ சொந்தக்காரர்களுக்கோ இப்படியொரு கனவு வந்தே தீரும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. அந்தக் கனவை விற்றுவிட்டால் பலனும் வாங்கியவளோடு போய்விடும் என்பார்கள்.

"அக்கா, நான் ஒரு கெண்டை மீன் கனவு கண்டேன். தங்கக் கலரு! கல்யாணமாகாத எனக்கு அது எதுக்கு? நீங்க வாங்கிக்கிறீங்களா?" கண்டது சித்தி என்பதையும் தன் பயத்தையும் அப்படியே விழுங்கிவிட்டாள்.

ஹியேரான் கையிலிருந்த குச்சிகள் நழுவின. "வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"மூச்சு விடலக்கா."

"சும்மா வாங்கினா பலிக்காது. இந்தா!" தன் கழுத்துப் பட்டுத்துணியை அவிழ்த்து தாசோம் கழுத்தில் சுற்றினாள். "மீனு எந்தப் பக்கமிருந்து வந்துச்சு? எவ்வளவு பெருசு? ஒண்ணு விடாம சொல்லு!"

அன்று சாயங்காலமே தாசோமுக்கு மாதவிலக்கு வந்தது. கழிப்பறைக்குள் ஒரு குத்தாட்டமே போட்டாள். வெளியே வந்து கண்ணாடியில் பட்டுத்துணியைப் பார்த்ததும் ஆட்டம் நின்றது. வயிற்றில் எதுவுமே இல்லையென்றால், விற்றதும் வெறும் கனவுதானே? பாவம், அந்த அக்கா நம்பிக் காத்திருப்பாளே!

உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று திங்கட்கிழமை போனால், ஹியேரான் ஒவ்வொரு மேஜையாக அரிசி கேக் வைத்துக்கொண்டிருந்தாள். "நான் கர்ப்பம்! எல்லாரும் எடுத்துக்குங்க!"

தாசோம் விரல்விட்டு எண்ணினாள். வெள்ளிக்கிழமை விற்ற கனவு, திங்கட்கிழமைக்குள் வயிற்றுக்குப் போய்விட்டதா?

"அக்கா... அவ்வளவு சீக்கிரமாவா?"

ஹியேரான் அவளை மூலைக்குத் தள்ளிக்கொண்டு போய்க் காதோடு கிசுகிசுத்தாள்.

"எனக்கு ஏற்கெனவே மூணு மாசம்டி! 'யாருக்குமே கர்ப்பக் கனவு வரலையே, இது என்ன புள்ள'ன்னு மாமியார் நச்சரிப்பு தாங்கல, எவளாவது ஒரு இளிச்சவாயி வந்து ஒண்ணு விக்க மாட்டாளான்னுதான் தினமும் உன்கூடச் சாப்பிட வந்தேன்!"